ஆய்வுக் கட்டுரையும் நூலகத் தேடலும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிடங்குகளைக் கடந்து செல்வோர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. மலையிலிருந்து வந்திறங்கிய காய் தரையில் குவிந்து கிடக்கும். பெண்கள் வரிசையாக அமர்ந்து வெடித்த காயையும் பூச்சி துளைத்த காயையும் நிறம் மங்கிய காயையும் விரலால் நீக்குவர். எஞ்சிய காய் சல்லடை வழியே பருமன் வாரியாகப் பிரியும். வேண்டாதன நீக்கி வேண்டுவன கொள்ளும் இச்செயலுக்குத் தமிழில் ஆய்தல் என்பது பெயர். நம் இல்லங்களில் கீரை ஆய்வதும் இதுவே. ஆய்வு என்னும் சொல் இவ்வேரில் முளைத்ததாகும். தொல்காப்பிய உரியியல் இச்சொல்லுக்கு உள்ளதொன்று நுணுகுதல் என்னும் பொருளைத் தருகின்றது. எனவே ஆராய்ச்சி என்பது நம் மண்ணுக்கும் நம் மக்களுக்கும் அயலான தொழில் அன்று என்பதை மாணவச் செல்வங்கள் முதற்கண் உணர்தல் வேண்டும்.

ஆயினும் ஆய்வுக் கட்டுரை எழுதுக என்றவுடன் நம் மாணவர்கள் பலர் மருள்கின்றனர். நூலகத்திற்குள் சென்று, குவியலைக் கண்டு திகைப்போர் ஒரு சாரார். குவியலே இல்லையென்று வெறுங்கையுடன் திரும்புவோர் மற்றொரு சாரார். இரண்டாம் வகையினரான மாணவி ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தாள். போடிமெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்பில் ஏலத்தோட்டத்திற்குச் சென்று திரும்பும் தொழிலாளர் குடும்பத்துப் பெண் அவள். தன் பாட்டி பாடும் தோட்டப் பாட்டுகளைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்பினாள். “ஐயா, நூலகத்தில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லை” என்றாள். “என்ன சொல்லிட்டுத் தேடினாய், அம்மா?” என்று கேட்டேன். “ஏலம்” என்றாள். கணிப்பொறி அவளுக்குத் தந்தவையெல்லாம் நகை ஏலமும் நில ஏலமும் பற்றிய செய்திகளே!

அவள்மீது குற்றமில்லை. ஏலம் என்னும் சொல் மணப்பொருளையும் குறிக்கும். விலை கூறி விற்றலையும் குறிக்கும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் போடியிலோ இரு பொருளும் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. பெயரறியாதவன் எதிரே நிற்கும் பொருளையும் கண்டுகொள்ளான். தேடலின் முதற்படி, தேடுபொருளுக்குப் பிறர் இட்டிருக்கக்கூடிய பெயர்களையெல்லாம் அறிதலே.

ஐந்து வினாக்கள்

இதற்கு நல்லதொரு வழியை உலகிற்குக் காட்டியவர் நம் தமிழகத்தவரே. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இலும், கோலன் பகுப்பு முறையை 1933இலும் நூலாக வெளியிட்டார். எந்தப் பொருளையும் ஆளுமை, பொருண்மை, ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து முகங்களாகப் பிரித்துக் காணலாம் என்பது அவர் பின்னர் வகுத்துத் தந்த நெறி. நூல்களை அடுக்குவதற்கென எழுந்த இந்நெறி, நூல்களைத் தேடுவதற்கும் பெருந்துணையாகும்.

அம்மாணவியின் தலைப்பை இவ்வைந்தில் இட்டுப் பார்த்தோம். யாரைப் பற்றியது? ஏலத்தோட்டப் பெண் தொழிலாளர். எப்பொருள் தொடர்புடையது? ஏலக்காய். என்ன செயல்? பாடுதல், உழைத்தல், மலையேறிச் செல்லுதல். எவ்விடம்? போடியும் அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் ஏலமலைச் சரிவும். எக்காலம்? பாட்டியின் இளமை தொடங்கி இன்று வரை. ஒரு தலைப்பு ஐந்து சொற்கூட்டங்களாக விரிந்தது. அதே வேளையில், ‘ஏலத்தோட்ட மக்கள் வாழ்வியல்’ என்று ஆயிரம் பக்கத்திலும் அடங்காது கிடந்த பொருள், இருபது பக்கத்தில் அடங்குமாறு சுருங்கியும் வந்தது.

அடுத்து ஒவ்வொரு முகத்திற்கும் மாற்றுப் பெயர்களை எழுதினோம். ஏலம், ஏலக்காய், ஏலத்தோட்டம், ஏலமலை ஆகியவற்றோடு எலெட்டேரியா கார்டமோமம் என்னும் தாவரவியற் பெயரும் இடம்பெற்றது. பாட்டுக்கு நாட்டுப்புறப் பாடல், நாட்டார் வழக்காறு, வாய்மொழி இலக்கியம், தொழிற்பாடல் எனப் பல பெயர்கள். ஆய்வாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை ஆண்டிருப்பர். ஒரு பெயரால் தேடுவோர் ஒரு சாராருடைய நூலையே காண்பர்.

காலந்தோறும் மாறிய பெயர்கள்

இடப்பெயரில்தான் மாணவர் பெரிதும் இடறுகின்றனர். தேனி மாவட்டம் 1996இல் உருவாக்கப்பட்டு 1997 தொடக்கம் முதல் இயங்கி வருகின்றது. அதற்கு முற்பட்ட ஆவணங்களில் போடியைத் தேனி என்னும் தலைப்பின்கீழ்த் தேடினால் கிடைக்குமோ? மதுரை மாவட்டத்தின்கீழ்த்தான் தேட வேண்டும். ஆங்கில நூல்களிலோ மதுரை என்பது பழைய எழுத்து முறைப்படி ‘மதுரா’ என்றிருக்கும். மலைக்கு மேலே சென்றால் இடுக்கி மாவட்டம். அது 1972இல் அமைந்தது. அதற்கு முன் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்கள் கோட்டயம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைவதற்கு முன் அது திருவிதாங்கூர்-கொச்சி. 1949க்கு முன் திருவிதாங்கூர் சமத்தானம்.

நிறுவனப் பெயர்களும் அவ்வாறே. 1965ஆம் ஆண்டின் ஏலக்காய்ச் சட்டப்படி அமைந்தது ஏலக்காய் வாரியம். 1987 முதல் அதன் பணி நறுமணப் பொருள் வாரியத்திற்குச் சென்றது. முந்தைய அறிக்கைகளைப் பிந்தைய பெயரால் தேடுவோர் ஏமாறுவர். நம் பல்கலைக்கழகமும் 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தோன்றி, 1978இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆயிற்று. பழைய ஆய்வேடுகளைத் தேடுவோர் இதனை நினைவிற் கொள்க.

இசுலாமியத் தமிழ் இலக்கியத்தில் ஈடுபடும் நம் மாணவர்க்கு இன்னுமொரு குறிப்பு. முகம்மது, முஹம்மது, முகமது, மகம்மது என ஒரு பெயரே அட்டவணைகளில் நான்கு இடங்களில் நிற்கக்கூடும். செய்யிது, சையது, சையத் என்பனவும் அத்தகையனவே. உவைஸ், உவைசு என்னும் இரு வடிவிலும் பேராசிரியர் ம. முகம்மது உவைஸைத் தேட வேண்டும். அவரும் பீ. மு. அஜ்மல்கானும் எழுத மதுரை காமராசர் பல்கலைக்கழகம் பல தொகுதிகளாக வெளியிட்ட ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’, இத்துறையில் எதைத் தேடுவோர்க்கும் முதல் வாயிலாகும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் நூல்கள் தமிழ்ப் பிரிவில் இராமல் அரபுப் பிரிவில் அடுக்கப்பட்டிருத்தலும் கூடும். ஆகவே இரு பிரிவினையும் பார்த்தல் நலம்.

அடுக்கும் அட்டவணையும்

மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் உண்டு. தமிழ் இலக்கியம் 894.811, நாட்டார் வழக்காறு 398, தொழிலாளர் பொருளியல் 331, வயற்பயிர்கள் 633, இசுலாம் 297. தமிழக வரலாறு 954.82 என்றும் கேரள வரலாறு 954.83 என்றும் எண் பெறும். நம் ஏலமலைச் சரிவு இவ்விரண்டு எண்களுக்கும் நடுவே கிடக்கின்றது. ஓர் அடுக்கை மட்டும் பார்த்துத் திரும்புவோர் மலையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவராவர்.

இதற்குச் சான்றாக இரு நூல்களைக் கூறலாம். டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்டக் கெசட்டியர் 1906இல் வெளிவந்தது. வி. நாகமையா எழுதிய திருவிதாங்கூர் நாட்டுக் கையேடும் அதே 1906இல் வெளிவந்தது. முன்னது ஆங்கிலேயர் ஆண்ட கீழைச் சமவெளியிலிருந்து எழுதப்பெற்றது. பின்னது மன்னர் ஆண்ட மேலைப் பகுதியிலிருந்து எழுதப்பெற்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவனே எல்லைப்புற வரலாற்றை எழுதத் தகுதியுடையவன். 1868இல் வந்த நெல்சனின் மதுரை நாட்டுக் கையேட்டையும் இவற்றோடு சேர்த்துக் கொள்ளலாம். இவை ஆட்சியாளர் எழுதியவை. வரியும் எல்லையும் அவர்தம் கண்ணுக்குப் பட்ட அளவு, கூடை சுமந்த பெண்ணின் பாட்டு அவர்தம் காதுக்கு எட்டியிராது என்பதையும் மறத்தலாகாது.

வேண்டிய நூலின் எண்ணைக் கண்டுபிடித்து அடுக்கிற்குச் சென்றவர், அந்நூலை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பற்க. அதன் இருபுறமும் நிற்கும் நூல்களையும் புரட்டுக. பொருளால் உறவுடைய நூல்கள் அங்கே அண்டை வீட்டார்போல் வாழ்கின்றன. நல்ல நூலொன்று கிடைத்தால் அதன் அடிக்குறிப்பையும் துணைநூற் பட்டியலையும் முதலிற் படிக்க. ஒரு நூல் பத்து நூலைக் காட்டும். அப்பத்தில் பல முறை தோன்றும் பெயரே அத்துறையின் அடிப்படை நூலாக இருத்தல் கூடும். இது பின்னோக்கிச் செல்லும் வழி. அந்நூலைப் பின்னர் வந்தோர் யாவர் எடுத்தாண்டனர் எனத் தேடுதல் முன்னோக்கிச் செல்லும் வழி. இரு வழியும் பயில்க.

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, பொதுச் செய்திக்குப் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியம், சமயச் செய்திக்கு அப்துற் றஹீம் அவர்களின் இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் என நோக்கு நூல்கள் உள. இவை பயணம் தொடங்கும் இடங்களேயன்றி முடியும் இடங்கள் அல்ல. எல்லாவற்றிற்கும் மேலாக நூலகரிடம் கேட்க நாணாதீர்கள். “ஏலக்காய் பற்றி நூல் உண்டா?” என்னாது, “1956க்குப் பின் ஏலத்தோட்டப் பெண்களின் வாழ்வு பற்றி ஆய்வேடோ அறிக்கையோ உண்டா?” என்று கேளுங்கள். வினா தெளிந்தால் விடையும் தெளியும்.

ஊரும் நகரும் இணையமும்

கல்லூரி நூலகம், ஊர்க் கிளை நூலகம், மதுரையில் உள்ள நூலகங்கள், பிறகு சென்னை என்று படிப்படியாகச் செல்லுதல் பொருட்செலவையும் காலத்தையும் காக்கும். சென்னை மாகாணத்தில் 1948இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் வழியே நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்கின்றது. ஆதலின் கிளை நூலகத்துள் நுழையும் ஏழை மாணவனும் தன் சொந்த வீட்டுக்குள் நுழைபவனே. மதுரையில் 1901இல் தோன்றிய தமிழ்ச் சங்கம் உள்ளது. 2023இல் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகம் உள்ளது. சென்னையில் 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய நூல்களின் படியைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்றாகும். அரசு ஆவணங்களுக்குத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் சென்னை எழும்பூரில் உள்ளது. மலையின் மறுபக்கத்து ஆவணங்களுக்கோ திருவனந்தபுரம் செல்ல வேண்டும்.

இன்று இவற்றுட் பலவற்றை இருந்த இடத்திலிருந்தே காண இணையம் துணை செய்கின்றது. பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா, பழந்தமிழ் நூல்களுக்கு 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம், அச்சு நூல்களின் படங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. தேடும்பொழுது ஒரு தொடரை மேற்கோட் குறிக்குள் இட்டால் அத்தொடர் அவ்வாறே உள்ள பக்கங்கள் கிடைக்கும். ‘ஏலம்’ என்பதோடு ‘தோட்டம்’ என்பதைச் சேர்த்தும், ‘நகை’ என்பதை விலக்கியும் தேடலாம். பழைய அச்சு நூல்களின் எழுத்தைப் பொறி பிழையாகப் படித்தல் உண்டு. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட லை, ணை, னா போன்றவற்றின் பழைய வடிவங்கள் அதற்கு இடர் தருவன. எனவே பொறி ‘இல்லை’ என்றால் நூல் இல்லை என்று முடிவு செய்யற்க. நூலைத் திறந்து பொருளடக்கத்தைக் கண்ணால் காண்க.

செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் கேட்டு எழுதுவோரும் இன்று உளர். அது பிறவாத நூலுக்குப் பெயரிடும். எழுதாத ஆசிரியரை எழுதியவராகக் காட்டும். அது கூறும் ஒவ்வொரு நூலையும் அட்டவணையிற் சரிபார்த்து, கையில் எடுத்துப் படித்தாலன்றிக் கட்டுரையிற் சேர்த்தல் தகாது.

ஓர் இலக்கத்தின் எடை

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று மாணவர் வினவலாம். விடை நம் மலையிலேயே இருக்கின்றது. ஏலமலைக் காப்புக்காடு குறித்த அறிவிப்பைத் திருவிதாங்கூர் அரசு 1897இல் வெளியிட்டது. அதன் பரப்பு எவ்வளவு? 15,720 ஏக்கர் என்பது கேரள அரசின் நிலை. 2,15,720 ஏக்கர் என்பது காட்டைக் காக்க வேண்டி வழக்காடுவோரின் கூற்று. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு முன்னே நிற்கும் 2 என்னும் ஓர் இலக்கமே. அவ்விலக்கத்தின் எடையோ இரண்டு இலட்சம் ஏக்கர்! உச்ச நீதிமன்றம் வரை சென்ற இவ்வழக்கில், அப்பகுதியில் புதிய பட்டா வழங்கலாகாது என்று 2024 அக்டோபரில் இடைக்கால ஆணை பிறந்தது. தோட்டம் வைத்திருப்போர், அதில் கூலி செய்வோர், போடிக் கிடங்கில் காய் ஆயும் பெண்கள், காட்டையும் அதில் பிறக்கும் நீரையும் நம்பி வாழ்வோர் ஆகிய அனைவருடைய வாழ்வும் ஒரு பழந்தாளில் உள்ள எண்ணோடு பிணைந்து கிடக்கின்றது.

எது சரி என்று கூறுதல் நீதிமன்றத்தின் பணி. நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. ஒருவர் எழுதிய எண்ணை மற்றொருவர் பார்த்தெழுத, அவரைப் பார்த்து வேறொருவர் எழுத, நூறு நூல்களில் ஓர் எண் பரவிவிட்டாலும் அஃது உண்மையாகிவிடாது. நூறு பேரும் ஒருவரையே பார்த்து எழுதியிருப்பின் அங்கே உள்ளது ஒரே சான்றுதான். மூலத்தைக் கண்டவனே சான்று கூறத் தக்கவன்.

நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர் பெருமக்கள், செய்தியை மட்டும் ஏற்காமல், அதனை யார் யாரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரையும் ஆய்ந்தனர். தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தியின் தரம் குறைந்தது. இஸ்னாத் என்று நம் மதரசாக்களில் பயிலப்படும் அவ்வொழுக்கம், அடிக்குறிப்பு என்னும் பெயரால் ஆய்வுலகிலும் வாழ்கின்றது என்று கூறின் மிகையாகாது.

இதனை நான் பட்டறிந்தே எழுதுகின்றேன். என் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டில் ஒரு நூலின் முதற்பதிப்பு ஆண்டைப் பிறிதொரு நூலிலிருந்து எடுத்து, முதற்பதிப்பையே கண்டவன்போல அடிக்குறிப்பு எழுதினேன். “அப்பதிப்பை எங்கே பார்த்தீர்கள்?” என்று வாய்மொழித் தேர்வில் கேட்டனர். நான் வாய் திறக்கவில்லை. பின்னர்த் தேடிச் சென்று பார்த்தபொழுது, நான் எழுதிய ஆண்டு அச்சுப்பிழை என்பது தெரிந்தது. ஆண்டு பிழைத்ததைவிட, காணாததைக் கண்டதாக எழுதியதே இன்றளவும் என்னை உறுத்துகின்றது. நேரில் காணாத நூலைக் குறிப்பிட நேர்ந்தால், எந்நூலின் வழியாக அறிந்தோம் என்பதை வெளிப்படையாக எழுதுக. அதில் இழிவு இல்லை.

இல்லாமையும் ஒரு செய்தி

அம்மாணவிக்கு ஒரு குறிப்பேடு வைக்கச் சொன்னேன். எந்நாள், எந்நூலகம், என்ன சொல்லால் தேடினாள், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பவற்றை அதில் எழுதி வந்தாள். தொழிலாளர் பற்றியும், ஏலப்பயிர் பற்றியும், பிற ஊர் நாட்டுப்புறப் பாடல்கள் பற்றியும் நூல்கள் கிடைத்தன. அவள் பாட்டியின் பாட்டு மட்டும் தேடிய இடங்களில் எங்கும் இல்லை. முதல் நாள் ‘ஒன்றுமே இல்லை’ என்று அவள் கூறியது சோர்வு. மூன்று திங்கள் தேடியபின் அதையே கூறியபோது அது முடிவு; ஏனெனில் தேடிய இடங்களை வரிசையாகக் காட்ட அவளால் இயன்றது. பின்னர்ப் பாட்டியின் அருகே அமர்ந்து பாடல்களை ஒலிப்பதிவு செய்து, பாடிய நாளும் இடமும் குறித்து எழுதினாள். அக்கட்டுரையின் ஒரு படி இப்போது நம் துறையில் உள்ளது. இனித் தேடுவோர்க்கு ‘இல்லை’ என்னும் விடை இராது.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர், பிறர் வேண்டாமென ஒதுக்கிய நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பின், அச்சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. உங்கள் பரண்களில் உறங்கும் ஏலக்கடைக் கணக்கேடுகள், பழைய கடிதங்கள், ஜமாஅத் நிகழ்ச்சிக் குறிப்புகள், அரபுத் தமிழ்ச் சிறுநூல்கள் ஆகியவற்றைப் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுமுன் கல்லூரிக்கு ஒரு சொல் அனுப்புங்கள். நாளைய மாணவன் தேடப்போவது அந்தத் தாளாகவே இருக்கலாம்.

மாணவச் செல்வங்களே, ஒரு சொத்தைக் காயும் மூட்டைக்குள் போகாமல் விரல் நோக ஆய்ந்து தருகின்றனர் நம் அன்னையர். அவர்தம் உழைப்பில் படிக்க வந்த நாம், ஒரு பொய்ச் செய்தியும் புகாத கட்டுரை எழுதுதல் கடமையன்றோ? அதற்குரிய பொறுமையையும் நேர்மையையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!